மியூடூவைப் பிடிக்கும் கணக்கில் ஓர் ஐயம்

வணக்கம் நண்பர்களே. 2004-இல் வெளிவந்த போக்கிமான் ஃபயர்ரெட் விளையாட்டில், செருலியன் குகையிலுள்ள மியூடூ என்ற போக்கிமானின் உயிர்ப்புள்ளியை (HP) ஒன்றுக்குக் குறைத்து, உறங்கவும் வைத்து, அதைப் பிடிக்க இதுவரை நாற்பது அல்ட்ரா பந்துகளை வீசிவிட்டேன். மூன்று முறை ஆடிய பிறகும் பந்து திறந்துகொள்ளும் அந்தக் கணம் நெஞ்சைப் பிசைகிறது.

மியூடூவின் பிடிபடும் விகிதம் 3, பந்துக்கு 2 மடங்கு, உறக்கத்துக்கு 2 மடங்கு என்று பெருக்கினால் 12 வருகிறது; அதை உச்ச அளவான 255-ஆல் வகுத்தால் வாய்ப்பு ஏறத்தாழ 5%. ஆனால் உயிர்ப்புள்ளிக்கான வகுத்தலில் பின்னம் வெட்டப்படுவதால், விகிதத்தையும் பந்தையும் பெருக்கிய 6 என்பது 5 ஆகி, உறக்கத்தால் இரட்டித்தும் இறுதியில் 10 மட்டுமே மிஞ்சுகிறது, அதாவது வாய்ப்பு 4%-க்கும் சற்றுக் குறைவு என்று கருதுகிறேன். இந்தப் புரிதல் சரிதானா?

மேலும், சண்டை நீள நீளப் பலன் கூடி 30 சுற்றுகளில் 4 மடங்காகும் டைமர் பந்துக்காகக் காத்திருக்கும்போது மியூடூவின் தாக்குதலை எப்படிச் சமாளிப்பது என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.