மறு: கண்ணாடி உதறல் – பாடக்குறிப்புக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பாடக்குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பைக்கின் பின்பார்வைக் கண்ணாடி உதறாமலிருக்க ஹேண்டில்பார் முனையில் மாட்டும் வெயிட்டுக்குத் தமிழில் என்ன சொல்வது என்பது இத்தனை மடல் வந்தும் முடிவாகவில்லை. தருமபுரியில் என் தொழிற்பயிற்சி வகுப்பில் நேற்று நடந்ததைச் சொல்கிறேன்.

ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்றை சென்டர் ஸ்டாண்டில் போட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினோம். நிமிடத்துக்கு 4,500 சுற்று, அதாவது நொடிக்கு 75 வந்ததும், கண்ணாடியில் தெரிந்த வேப்பமரம் வெறும் பச்சைக் கறையானது. பாலக்கோட்டுப் பையன் ஒருவன் கண்ணாடித் தண்டை இரண்டு விரலால் பிடித்தான். இலை இலையாகத் தெரிந்தது. விட்டான், மறுபடி கறை. "சார், பிடிச்சா உதறல் நின்னுடுது" என்றான். மெக்கானிக் கடையிலும் இதே பேச்சுதான்: கண்ணாடி உதறுது.

> ஹேண்டில்பார் முனையில் மாட்டும் வெயிட்டுக்கு 'அதிர்வடக்கி' போதும். யாருக்கும் புரியும்.

புரியும் தம்பி, ஆனால் தப்பாகப் புரியும். அந்த வெயிட் எதையும் அடக்குவதில்லை. நிறை கூடினால் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் தானாக நொடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது, இறங்கும். என்ஜின் துடிப்பு அந்த எண்ணோடு ஒன்றிப்போகும்போது உதறல் பெருகுவதுதான் ஒத்ததிர்வு; நாம் வழக்கமாக ஓட்டும் வேகத்தை விட்டு அது விலகும், அவ்வளவுதான். வேறொரு வேகத்தில் உதறல் திரும்ப வரலாம். அதிர்வின் ஆற்றலை உள்வாங்கி வெப்பமாக்குவது ரப்பர் புஷ், அதாவது பாகங்கள் சேருமிடத்தில் செருகும் ரப்பர் உறை. 'அடக்கி' அதற்குரிய பெயர். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், புஷ் நைந்த வண்டிக்கு வெயிட்டை மாட்டி அனுப்பிவிடுவான் மாணவன்.

> கண்ணாடித் தண்டுக்கு 'ஆடிக்கால்' என்க. ஆடி என்றால் கண்ணாடி. பந்தற்கால் போல. புறநானூற்றில் கால் என்பது சக்கரமும் ஆகும்.

ஐயா, 87ஆம் பாட்டைத்தானே சொல்கிறீர்கள்? ஒரு நாளில் எட்டுத் தேர் செய்யும் தச்சன் ஒரு மாதம் உழைத்துச் செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் அதியமான் என்கிறார் ஔவையார். எங்கள் தகடூர்க்காரனைப் (தருமபுரியின் பழைய பெயர் தகடூர்) பற்றிய பாட்டு; எத்தனை முறை படித்தாலும் அந்தச் சக்கரத்தில் நின்றுவிடுவேன். இன்றைக்கும் சக்கரம் உருண்டை தப்பினால் வண்டி உதறத்தான் செய்யும். ஆனால் 'ஆடிக்கால்' என்றால் என் பையன்களுக்கு ஒகேனக்கல் ஆடிப்பெருக்குதான் நினைவுக்கு வரும். 'கண்ணாடித் தண்டு' இருக்கட்டும் ஐயா.

வெயிட்டுக்கு நான் வைக்கும் சொல் 'முனைக்குண்டு'. கொத்தனாரின் தூக்குக்குண்டு எல்லாரும் பார்த்ததுதானே. சூளகிரி அக்காவுக்குக் 'குண்டு' என்றதும் வெடிகுண்டு தோன்றுகிறதாம், 'முனைப்பளு' என்கிறார். பளு என்றால் சுமை. வண்டிக்கு இது சுமைக்காக மாட்டுவதில்லை, அதனால் மனம் ஒப்பவில்லை. ஓசூர் ஆலைக்குப் போனால் 'வெயிட்' என்றுதான் சொல்லப்போகிறார்கள் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சொல்லட்டும். அது ஏன் வேலை செய்கிறது என்பதை இங்கே தமிழில் படித்துவிட்டுப் போகட்டும்.

இதுவரை முனைக்குண்டுக்கு நான்கு பேர், முனைப்பளுவுக்கு இரண்டு பேர். ஐயா இன்னும் ஆடிக்காலிலேயே நிற்கிறார். சரி, குறிப்பில் 'முனைக்குண்டு' என்றே எழுதி, அடைப்புக்குள் அக்காவின் சொல்லையும் போடுகிறேன். புஷ்ஷுக்கு 'அதிர்வடக்கி'யை விட நல்லது யாரிடமாவது இருந்தால் ஞாயிறு இரவுக்குள் எழுதுங்கள், அதுவரை திருத்தலாம்.