ஏலமலை அடிவாரத்திலிருந்து பொருளாதார ஆய்வுக்கு வெளிநாடு போனவர்களுக்கு

கம்பம், போடி மட்டுமில்லாமல் செங்கோட்டை, பாலக்காடு, ஆந்திரச் சித்தூர் பக்கத்திலிருந்தும் பன்னாட்டு வணிகம், வளர்ச்சிப் பொருளாதாரம் என்று பிஎச்டிக்கோ போஸ்ட்டாக்குக்கோ போய் இறங்கியவர்களுக்கான இழை. வீடு, மளிகை பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். நம்ம துறைக்காரர்கள் மாட்டிக்கொள்கிற இடங்களை மட்டும் எழுதுங்க.

குமுளி ரோடு:
முதலில் வரி. இந்தியாவில் குடியிருந்துவிட்டு நேரே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தவோ ஆய்வுக்கோ வந்தவர்களுக்கு, இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவில் 2 வருஷம் மத்திய வருமான வரி விலக்கு உண்டு. வரி பிடிக்காமல் இருக்க 8233 படிவத்தை முதல் சம்பளத்துக்கு முன்னாலேயே சம்பளப் பிரிவில் கொடுத்துவிடணும். ஆனால் தங்குவது 2 வருஷத்தைத் தாண்டினால் மூன்றாம் வருஷத்துக்கு மட்டும் விலக்கு போகாது, முதல் நாளிலிருந்தே போய்விடும். பழைய வரியை வட்டியோடு கட்ட நேரும். 3 வருஷ ஒப்பந்தம் கையில் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம். கலிபோர்னியா மாநில வரிக்கு இந்த ஒப்பந்தம் செல்லாது.

எஃப்-1 (மாணவர் விசா) இந்திய மாணவர்களுக்கு அதே ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு. வரிக்கணக்குக்கான 1040-என்ஆர் படிவத்தில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுக்கலாம். பக்கத்து மேசை சீனாக்காரருக்கு அது கிடையாது, அவர் படிவத்தைப் பார்த்துக் காப்பி அடிக்காதீங்க.

போடிமெட்டு:
ஊர்ப்பாசத்தில் பலரும் ஏலக்காயைத்தான் முதல் கட்டுரைக்கு எடுப்பாங்க. நல்ல சரக்கு. குவாத்தமாலா போட்டியாளர், சவூதி வாங்குபவர், கதை தயாராகவே இருக்கிறது. கோளாறு தரவில் இருக்கு.

ஐ.நா. காம்ட்ரேடில் (நாடுகளுக்கிடையே நடக்கும் வணிகத்தின் தரவுத்தளம்) 2012-க்கு முன் ஏலக்காயின் எச்எஸ் எண் (சரக்கு வகைக்கான சர்வதேச எண்) 090830. 2012 திருத்தத்தில் அது 090831 (முழுக்காய்), 090832 (பொடித்தது) என்று பிரிந்தது. பழைய எண்ணையே இழுத்துக்கொண்டு போனால் 2012-இல் வியாபாரமே செத்துப்போன மாதிரி வரைபடம் வரும். எக்செலில் திறந்தால் முன்னால் இருக்கிற பூஜ்யம் விழுந்து 90831 ஆகிவிடும். அந்தப் பத்தியை எழுத்தாகவே படிக்கச் சொல்லுங்க, எண்ணாக வேண்டாம். ஆறு இலக்கத்தில் நம்ம சின்ன ஏலக்காயும் சிக்கிம், நேபாளத்துப் பெரிய ஏலக்காயும் ஒரே மூட்டை. பிரிக்கணும்னா இந்தியாவின் எட்டு இலக்க எண்ணுக்குப் போகணும். அந்த ஆண்டுக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை, நாள்காட்டி வருஷத்தோடு ஒட்டாது. ஏற்றுமதி எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரையிலான மதிப்பு), இறக்குமதி சிஐஎஃப் (கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்த மதிப்பு). இங்கே எழுதியதும் அங்கே எழுதியதும் பொருந்தாததற்கு ஒரு காரணம் கப்பல் கூலியும் காப்பீடும், எல்லாமே திருட்டு இல்லை.

வாங்காத நாடுகளுக்கு வியாபாரம் பூஜ்யம். மடக்கை எடுத்தால் அவை காணாமல் போகும். சாந்தோஸ் சில்வா, தென்ரெய்ரோ 2006-இல் சொன்ன, பூஜ்யத்தையும் விடாமல் மதிப்பிடுகிற பாய்சன் முறையைப் போடுங்க.

ஸ்பைசஸ் போர்டு தினமும் போடுகிற புத்தடி, போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏல விவரம் அருமையான தொடர். வந்த அளவு, விற்ற அளவு, உச்ச விலை, சராசரி விலை எல்லாம் இருக்கும். ஆனால் வாங்கிய வியாபாரியே அதே காயைத் திரும்ப ஏலத்துக்குக் கொண்டுவருவார். ரீபூலிங் என்பாங்க. வரத்தைக் கூட்டி விளைச்சல் என்று எழுதினால் தொலைந்தோம்.

நகரி:
ரீபூலிங்கைக் கழிக்க வழி இருக்கா அண்ணே?

போடிமெட்டு:
அந்தப் பட்டியலில் அதற்கு அடையாளம் கிடையாது தம்பி. அளவை விட்டுவிட்டு சராசரி விலையோடு நில்லுங்க.

குமுளி ரோடு:
இன்னொன்று. இந்தியாவின் இறக்குமதி வரிக் குறைப்பும் வறுமையும் பற்றிய டோபலோவாவின் 2010 கட்டுரையைப் பார்த்து, மாவட்டத்தின் தொழில் பங்கையும் இறக்குமதி வரிக் குறைப்பையும் பெருக்கி ஆளாளுக்கு ஒரு ரிக்ரஷன் போடுறாங்க. நம்ம பக்கத்தில் இது சறுக்கும். தேனி மாவட்டத்து ஆட்கள் விடியற்காலையில் ஜீப்பில் கம்பமெட்டு, போடிமெட்டு ஏறி இடுக்கித் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குறாங்க. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் என்எஸ்எஸ்ஸும் (தேசிய மாதிரி ஆய்வு) ஆளை வீட்டில் வைத்துத்தான் எண்ணும். விலை விழுகிற அடி இடுக்கியில், கூலி குறைகிற வீடு தேனியில். அமெரிக்காவுக்கு ஆட்டரும் கூட்டாளிகளும் 2013-இல் மாவட்டத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போய்வரும் வட்டாரத்தை அலகாக எடுத்தது சும்மா இல்லை. குறைந்தபட்சம் இரண்டு மாவட்டத்தையும் சேர்த்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

நகரி:
எங்க பக்கத்துத் தலைவலி எல்லைக்கோடு. 1991 கணக்கெடுப்பில் தேனி மாவட்டமே கிடையாது, மதுரைக்குள் இருந்தது. தென்காசி 2019-இல் பிரிந்தது. ஆந்திராவில் 2022 ஏப்ரல் 4 அன்று 13 மாவட்டம் 26 ஆனது. அப்போது அமைந்த திருப்பதி மாவட்டத்தில் சித்தூர்த் துண்டும் நெல்லூர்த் துண்டும், அன்னமய்யாவில் சித்தூரும் கடப்பாவும். தாய் மாவட்டத்துக்குத் திரும்பணும்னா சித்தூர், நெல்லூர், கடப்பா மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டணும், இல்லாவிட்டால் மண்டல (தாலுகா போன்ற சிறு பிரிவு) வாரி மக்கள்தொகையை எடையாக வைத்துப் பிரிக்கணும். பெயரை வைத்து மெர்ஜ் பண்ணவே கூடாது.

போடிமெட்டு:
கள ஆய்வுக்கு வரவங்க ஐஆர்பி (பல்கலைக்கழக ஆய்வு நெறிக்குழு) அனுமதி கைக்கு வருமுன் ஒரே ஒரு பேட்டிகூட எடுக்காதீங்க, பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டாங்க. ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர்) அட்டைக்காரர்களுக்கு 2021 அறிவிப்புப்படி ஆய்வுக்குத் தனி அனுமதி வேணும். ஊர்த் தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டு மானியம் அனுப்பணும்னா அதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இருக்கணும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு நிறுவனம் வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்க முடியாது. பணம் டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்கில்தான் இறங்கும்.

கேள்வித்தாளை இடுக்கி என்பதற்காக மலையாளத்தில் மட்டும் அடிக்காதீங்க, தோட்டத்தில் பல பேர் பதில் சொல்வது தமிழில். "கூலி எவ்வளவு" என்று ஒரே கேள்வியாக வைக்காமல், ஜீப் காசு யார் கொடுக்கிறார் என்பதைத் தனியாகக் கேளுங்க.