பாடசாலை கட்ட சேர்ச் டீமோட போகலாமா, இல்ல அந்தக் காசை அனுப்பிறது நல்லமா?

வெள்ளவத்தை_பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட சேர்ச்சில இருந்து ஆகஸ்ட்ல 14 பேர் வன்னியில ஒட்டுசுட்டான் பக்கம் பத்து நாள் ஊழியத்துக்குப் போகினம், அங்க சபைக் காணிக்குள்ள ரெண்டு அறை வச்சு முன்பள்ளி ஒண்டு கட்டப்போகினமாம், எனக்கும் போகோணும் எண்டு சரியான ஆசை. ஆனா நான் கொம்பியூட்டருக்கு முன்னால இருந்து வேலை செய்யிற ஆள், ஒரு தாச்சி சீமெந்து கூட தூக்கினதில்ல. பஸ், சாப்பாடு எல்லாத்துக்கும் ஆளுக்கு 25,000 ரூபா போடச் சொல்லியிருக்கினம். அம்மா சொல்லுறா அந்தக் காசை அப்பிடியே அனுப்பினா ஊர் மேசன்மாருக்குக் கூலி குடுக்கலாம், நீ போய் அங்க ஆருக்கும் பாரமாத்தான் இருப்பாய் எண்டு. அவ சொல்லுறதும் பிழையில்ல. ஜெபிச்சும் ஒரு தெளிவு வரேல்ல. இப்பிடிப் போய் வந்த ஆக்கள் இருந்தா உண்மையைச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_அண்ணன்:
தங்கச்சி, நான் ரெண்டு தடவ இப்படி வன்னிப் பக்கம் போயிருக்கேன். முதல் தடவ நடந்தத சொல்றேன், இன்னமும் மனசுக்குள்ள கெடக்குது. கடைசி நாளுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, வகுப்பறைக்கு நிலம் கொங்கிரீட் போட்டோம். ஒரு பங்கு சீமெந்துக்கு ரெண்டு மணல் நாலு கல்லுன்னு மேசன் பாஸ் அளந்து தந்தாரு, நாங்க வரிசையா நின்னு தாச்சி தாச்சியா கை மாத்தினோம், எல்லாருக்கும் அவ்ளோ சந்தோசம். ஞாயிறு ஆராதனை முடிச்சிட்டு பஸ் ஏறிட்டோம். போட்ட கொங்கிரீட்டுக்கு கொறஞ்சது ஏழு நாள் தண்ணி விடணும், சாக்கை நனைச்சு மூடி வைக்கணும், ஆகஸ்ட்ல அங்க சோளகக் காத்து மண்ணை வாரி அடிக்கும், வெயில் வேற. அந்த ஏழு நாளும் தண்ணி விட யாரையும் நாங்க ஒழுங்கு பண்ணல, ஒருத்தருக்கும் ஞாபகமே வரல. ரெண்டு மாசம் கழிச்சு பாஸ்டர் போட்டோ அனுப்பினாரு, கதவடியில இருந்து மூலை வரைக்கும் வெடிப்பு, விரல் நுழையும். அதனால நீங்க போறதுன்னா மேசன் பாஸ் சொல்ற வேலைய செய்யுங்க. தண்ணி அள்ளுறது, கல்லு அடுக்குறது, மணல் அரிக்கிறது, இதுக்கெல்லாம் நம்மளால முடியும், கட்டுறத அவரு கையில விடுங்க. கூலிக்கு ஊர் ஆளுங்கள போட்டிருக்காங்களான்னு கேளுங்க, இல்லன்னா உங்க அம்மா சொல்றதுதான் சரி. கடல் மணல் எறக்கினா வேணாம்னு சொல்லுங்க, உப்பு கம்பிய தின்னுடும். செருப்போட கொங்கிரீட்டுக்குள்ள எறங்காதீங்க, ஈர சீமெந்து தோல எரிச்சிடும், பூட்ஸ் கையுறை ரெண்டும் வேணும். சீமெந்து பேக் 50 கிலோ, அத தனியா தூக்கப் போகாதீங்க.

வன்னிமண்:
நான் அந்தப் பக்கம் பிறந்து வளந்து இப்ப தெகிவளையில இருக்கிறன். யுத்தம் முடிஞ்சு 2010 இல நாங்க திரும்பிப் போகேக்க பள்ளிக்கூடத்தில கூரையும் இல்ல, கதவும் இல்ல, மரத்துக்குக் கீழதான் படிச்சம், பிறகு இப்பிடி வந்த ஒரு டீம்தான் தகரக் கொட்டில் ஒண்டு போட்டுத் தந்தது, அந்த நன்றி எனக்கு எப்பவும் இருக்கு. ஆனா அவை நிண்ட நாளெல்லாம் எங்கட அம்மாவும் இன்னும் ரெண்டு மூண்டு பேரும் விடிய நாலு மணிக்கு எழும்பி தேங்காய் துருவி இடியப்பம் அவிச்சவை, தோட்டத்துக்குத் தண்ணி கட்டவும் போகேல்ல, கூலி வேலைக்கும் போகேல்ல, அதுக்கு ஒருத்தரும் காசு குடுக்கேல்ல, சமைச்சவையும் வாய் திறந்து கேக்கேல்ல. சமைக்கிற ஆக்களுக்குச் சம்பளம் எண்டு உங்கட பட்ஜெட்டில ஒரு வரி போடச் சொல்லுங்கோ தங்கச்சி. அடுத்தது, அங்க கனபேர் சைவ ஆக்கள், பிள்ளையளைச் சேர்த்து வச்சு பிஸ்கட் குடுத்து ஜெபம் சொல்லிக் குடுக்கிறது வேண்டாம். தாய் தகப்பனிட்டக் கேக்காமல் போட்டோ எடுத்துப் போடாதேங்கோ. பொழுதுபட்டால் றோட்டில நடக்கவேண்டாம், யானை வரும். கண்ணிவெடி இருக்கெண்டு மண்டையோடு போட்ட சிவப்பு போர்டு கண்டால் அந்தப் பக்கம் கால் வைக்காதேங்கோ.

ஓய்வுபெற்ற_ரீச்சர்:
மகள், எனக்கு ஒரே ஒரு கேள்விதான். கட்டி முடிஞ்ச பிறகு படிப்பிக்கிற பிள்ளைக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது? மட்டக்களப்புக்கு 1814 இல வில்லியம் ஓல்ட் எண்ட மெதடிஸ்த போதகர் வந்து பள்ளிக்கூடம் தொடங்கினவர், ஒரு வருசம் கூட ஆகேல்ல, 1815 இல காலமாகிட்டார். அந்தப் பள்ளிக்கூடம்தான் இண்டைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி, 200 வருசம் தாண்டீட்டுது. 1960, 61 இல மிஷன் பாடசாலையள் கனக்க அரசாங்கத்தின்ர கைக்குப் போன பிறகும் அதுகள் மூடுப்படேல்ல, ஏனெண்டால் தொடர்ந்து படிப்பிக்க ஆக்கள் இருந்தவை. நான் வேலை செய்த காலத்தில ஒரு ஊரில வெள்ளை பூசி, பெயர்ப்பலகையும் அடிச்ச முன்பள்ளி ஒண்டு பூட்டின பூட்டோடயே கிடந்தது, உள்ளுக்கு உரமூடை அடுக்கி வச்சிருந்தினம். ரீச்சருக்கு மூண்டு வருசச் சம்பளத்துக்கு வழி இருக்கோ, பிரதேச சபை அனுமதி எடுத்தாச்சோ, காணி ஆற்ற பேரில, இதுகளை முதல் கேளுங்கோ.

வெள்ளவத்தை_பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி, அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டினனான். ஞாயிறு பாஸ்டரிட்டக் கேட்டன். காணி சபையின்ர பேரில, அனுமதியும் எடுத்தாச்சாம், ரெண்டு மேசன்மாரும் ஊர் ஆக்கள்தான். சமைக்கிற ஆக்களுக்குச் சம்பளம் எண்டதை அவர் யோசிக்கவே இல்லையாம், இப்ப எழுதிக்கொண்டார். ரீச்சரின்ர சம்பளத்துக்கு முதல் ஆறு மாசத்துக்கு மட்டும்தான் காசு இருக்காம். அதால நானும் என்னோட வாற நாலு பேரும் மாசம் மாசம் ஒரு தொகை போடுறதெண்டு பேசியிருக்கிறம், அது சரிவந்தால்தான் பேர் குடுப்பன். கொங்கிரீட்டை கடைசி நாளில போடாமல் மூண்டாம் நாளே போடச் சொல்லியும் கேட்டிருக்கிறன், நாங்க நிக்கிற ஏழு நாளும் தண்ணி விடுற வேலையை நானே எடுக்கிறன் எண்டு. கொட்டாஞ்சேனை அண்ணா, புறக்கோட்டையில சின்ன சைஸ் பூட்ஸ் எந்தத் தெருவில எடுக்கலாம்?