சாக்ஸ் பின்னல்ல ஜெர்மன் ஷார்ட் ரோ குதிகால்: ரெண்டு மூலையிலும் ஓட்டை, கணக்கும் இடிக்குது

குளிர்காலக்குருவி

இதுவரைக்கும் நான் போட்டதெல்லாம் மேலிருந்து கீழே வர்ற சாக்ஸ். அஞ்சு குட்டி ஊசி, மடல் வச்ச குதிகால் (பின்பக்கம் ஒரு மடலைப் பின்னி, அதோட ஓரத்துல கண்ணி எடுத்துத் தொடர்றது). இப்போ விரல் முனையில ஆரம்பிச்சு மேலே போற மாதிரி, 80 செ.மீ. சர்குலர் ஊசியில (ரெண்டு முனையை ஒரு கேபிள் இணைக்கிற ஊசி) மேஜிக் லூப் (மிச்சக் கேபிளை வளையமா வெளியே இழுத்து விட்டுச் சின்ன வட்டம் பின்றது), ஜெர்மன் ஷார்ட் ரோ குதிகால் (வரிசையை முடிக்காம நடுவுலயே திருப்பித் திருப்பிப் பின்றது). மூணும் ஒரே நேரத்துல புதுசு. அதுதான் தப்போ என்னவோ.

நூல் 75% கம்பளி, 25% நைலான், 100 கிராமுக்கு 420 மீட்டர். ஊசி 2.5 மி.மீ. 10 செ.மீ.க்கு 30 கண்ணி (ஊசியில நிக்கிற ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி), 42 வரிசை. மொத்தம் 64 கண்ணி, அதுல குதிகாலுக்கு 32 (10+12+10, அதாவது திருப்புற ஓரங்கள்ல பத்துப் பத்து, நடுவுல 12). பாத நீளம் 24 செ.மீ., சுற்றளவு 23. விரல் முனையிலிருந்து 18 செ.மீ. வந்ததும் குதிகாலை ஆரம்பிச்சேன்.

குதிகால் முடிஞ்சு மறுபடி சுத்திப் பின்ன ஆரம்பிச்சா ரெண்டு மூலையிலும் சுண்டு விரல் நுழையுற ஓட்டை. பாதம் முழுக்க ரெண்டு பக்கமும் ஏணி மாதிரி இடைவெளி. 64 இருக்க வேண்டிய இடத்துல எண்ணினா 67. போட்டுப் பார்த்தா கணுக்கால் மடிப்புல பிடிக்குது, குதிகால் உள்ளங்காலுக்குக் கீழே வழுக்கிப் போகுது.

மூணு தடவை பிரிச்சாச்சு. நூல் சுருண்டு பஞ்சு கிளம்ப ஆரம்பிச்சிடுச்சு. எதை முதல்ல சரி பண்ணணும்?

பர்ல்பிடிக்காது

முதல்ல 67-ஐப் பிடிங்க, அது சுலபம். கூடுதலா வர்ற கண்ணி பெரும்பாலும் பர்ல் பக்கத்துலதான் (நூலை முன்னாடி வச்சுப் பின்ற வரிசை; பின்னாடி வச்சுப் பின்றது நிட்) பிறக்கும்.

திருப்பினதும் நூல் முன்னாடி இருக்கணும். முதல் கண்ணியைப் பின்னாம வலது ஊசிக்கு மாத்திட்டு, நூலை ஊசிக்கு மேலே தூக்கிப் பின்பக்கம் இழுக்கணும், அந்தக் கண்ணியோட ரெண்டு இழை, அதாவது ரெண்டு கால், ஊசி மேல தெரியுற வரைக்கும். அதுதான் இரட்டைக் கண்ணி. நிட் வரிசைன்னா நூல் ஏற்கெனவே பின்னாடி இருக்கு, அப்படியே போகலாம். பர்ல் வரிசைன்னா நூலை மறுபடி முன்னாடி கொண்டு வரணும், ரெண்டு ஊசி முனைக்கும் நடுவுல, கீழ் வழியா. மறந்து ஊசிக்கு மேலேயே சுத்திக் கொண்டு வந்தா அங்கே ஒரு கண்ணி சும்மா முளைச்சிடும். மூணு தடவை மறந்தா 67.

இன்னொரு காரணமும் உண்டு. இரட்டைக் கண்ணியோட ரெண்டு காலையும் தனித்தனியா பின்னிடுறது. ரெண்டு காலுக்குள்ளேயும் ஊசியை விட்டு ஒண்ணாப் பின்னணும். எண்ணும்போதும் அதை ஒண்ணுன்னே எண்ணணும்.

அஞ்சாவது ஊசி

ஓட்டையும் ஏணியும் தனித்தனிப் பிரச்சினை இல்லைங்க. மேஜிக் லூப்பில் கேபிள் வெளியே வருகிற இடமும் குதிகால் மூலையும் உங்கள் சாக்ஸில் ஒரே இடம். பலவீனமான இடத்தின் மேலேயே இன்னொரு பலவீனம் போய் உட்கார்ந்திருக்கிறது.

குதிகாலின் முன்பாதி 20 வரிசை, நடுவில் இரண்டு முழுச் சுற்று, பின்பாதி 20 வரிசை. அந்த 40 வரிசை ஓடும்போது புறங்கால் பக்கத்து 32 கண்ணி அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே ஒரு இழைதான் அத்தனை இழுப்பையும் தாங்குகிறது, அதனால் நீண்டுவிடுகிறது. அந்த நேரத்தில் கேபிளும் அதே இடத்தைப் பிளந்து பிடித்துக்கொண்டிருக்கும்.

மூலைக்கு வழி இது. குதிகாலின் கடைசிக் கண்ணி முடிந்ததும், புறங்கால் முதல் கண்ணிக்கு முன்னால் தொங்கும் இழையை ஊசியால் தூக்குங்கள். ஒரு முறுக்கு கொடுத்து இடது ஊசியில் போட்டு, அடுத்த கண்ணியோடு சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். எதிர் மூலையிலும் அப்படியே. முறுக்காமல் தூக்கிப் பின்னினால் ஓட்டை மூடாது, அழகாக விரியும். பலரும் தவறுவது இங்கேதான். இதைச் செய்யும்முன் புறங்கால் பக்கம் ஒவ்வொரு முனையிலிருந்தும் 2 கண்ணியைக் குதிகால் ஊசிக்கு மாற்றிவிடுங்கள். கேபிள் வளையம் மூலையை விட்டு விலகிவிடும், இழையும் கையில் சிக்கும்.

ஏணிக்கு எல்லோரும் "முதல் கண்ணியை இறுக்கு" என்பார்கள். ஊசி மாறியதும் பின்னுகிற முதல் கண்ணியை எவ்வளவு இழுத்தாலும் அடுத்ததைப் பின்னும்போது தளர்ந்துவிடும். இரண்டாவது கண்ணிக்குள் ஊசியை விட்டபின் நூலை இழுங்கள், அப்போதுதான் முதல் கண்ணி இறுகும். கேபிள் விறைப்பாக இருந்தால் ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுத்து நீட்டிப் பிடியுங்கள். 64 கண்ணிக்கு 80 செ.மீ. போதும், ஆனால் 100 இருந்தால் இழுபறி குறைவு.

குளிர்காலக்குருவி

ஆமா, ஓட்டை சரியா வளையம் வெளியே வர்ற இடத்துலதான் இருக்கு! அப்போ கணுக்கால்ல பிடிக்கிறதும் இதனாலதானா?

அஞ்சாவது ஊசி

இல்லை, அது கணக்கு. பழைய மடல் குதிகாலில் 32 வரிசை மடல், ஓரத்தில் 16 கண்ணி எடுத்து அதைப் படிப்படியாகக் குறைப்பீர்கள். அந்த முக்கோணத் துணிதான் புறங்காலுக்கு இடம் கொடுத்தது. ஷார்ட் ரோ குதிகாலில் அது கிடையாது. உங்கள் குதிகாலின் ஆழம் 20 வரிசை, அதாவது 4.8 செ.மீ.தான்.

குதிகாலுக்கு 64-ல் 38 கண்ணி எடுங்கள். 13+12+13. முன்பாதி 26 வரிசை ஆகும், ஆழம் 6.2 செ.மீ. சாக்ஸின் நீளம் காலை விட 1 செ.மீ. குறைவாக, 23 இருந்தால் போதும். ஆகவே குதிகாலை 18-ல் அல்ல, 17-க்குச் சற்று முன்னால் ஆரம்பிக்க வேண்டும்.

கம்பளிப்பூச்சி

38 எல்லாக் காலுக்கும் போதாது. புறங்கால் உயரமா இருந்தா குதிகாலுக்கு முன்னாடி 8 சுற்றுல, ஒண்ணு விட்டு ஒரு சுற்று, பக்கத்துக்கு ஒண்ணா கூட்டுங்க. 72 ஆகும். குதிகாலை 40 கண்ணியில (13+14+13) போட்டுட்டு, அதுக்கப்புறம் அதே மாதிரி 8 சுற்றுல 64-க்குக் குறைங்க. என் கட்சி என்னன்னா, ரொம்ப உயரமான புறங்காலுக்கு மடல் குதிகாலை விடவே வேண்டாம். புதுசுங்கறதுக்காக எல்லாத்தையும் மாத்தணுமா என்ன.

இன்னும் ஒண்ணு. சாக்ஸ் நூல்ல கத்துக்காதீங்க. கடையில கிடைக்கிற தடியான அக்ரிலிக் நூல், 4 மி.மீ. ஊசி, 40 கண்ணி வட்டமா போட்டு, 20-ல குதிகால் (6+8+6) மட்டும் பின்னிப் பாருங்க. ரெண்டு கால் எங்கே இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். பிரிச்சாலும் கவலை இல்லை. அக்ரிலிக்ல கம்பளி மாதிரி நெகிழ்வு இல்லாததால மூலை ஓட்டை கொஞ்சம் பெருசாவே தெரியும், பயப்படாதீங்க.

குளிர்காலக்குருவி

நாளைக்கே அந்த மாதிரித் துண்டு. பிரிச்ச நூலை என்ன பண்றது? தூக்கிப் போட மனசு வரலை.

பர்ல்பிடிக்காது

நாற்காலி முதுகுல சுத்தி, நாலு இடத்துல தளர்வா முடிச்சுப் போட்டு எடுங்க. வெதுவெதுப்பான தண்ணியில 20 நிமிஷம் ஊறட்டும். பிழியாம துண்டுல ஒத்தி எடுத்துத் தொங்க விடுங்க, சுருள் போயிடும். பஞ்சு கிளம்பின பாகத்தைக் குதிகாலுக்கும் விரல் முனைக்கும் வைக்காதீங்க, சீக்கிரம் தேயுற இடம். கணுக்காலுக்கு மேல வர்ற பகுதிக்கு வச்சுக்கலாம்.