வெட்டுப்புள்ளி வரும்வரை எப்படிக் காத்திருப்பது?

கொக்குவில் மாணவி:
உயர்தரப் பரீட்சையின் உயிரியல் பிரிவில் எனக்குக் கிடைத்த இசட் புள்ளி (பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் மதிப்பு), யாழ்ப்பாண மாவட்டத்துக்கான சென்ற ஆண்டின் மருத்துவ வெட்டுப்புள்ளியைவிட, அதாவது அனுமதி கிடைத்த ஆகக்குறைந்த புள்ளியைவிட, மயிரிழை குறைவு. கோவிலில் காண்பவர்களெல்லாம் "என்ன பிள்ளை, கிடைச்சிட்டுதோ?" என்று கேட்பதால் இப்போது பின்வீதியால்தான் போய் வருகிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் காணொளி நேர்முகத் தேர்வும் அடுத்த வாரம் இருக்கிறது. இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

மருத்துவ பீட அக்கா:
தங்கச்சி, இங்கே அரச மருத்துவ பீடங்களுக்கு நேர்முகத் தேர்வு இல்லை. இசட் புள்ளிதான் எல்லாம். நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 மாவட்டச் சனத்தொகை விகிதத்திலும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுவதாலும், தெரிவானவர்கள் பதியாமல் விடும் இடங்கள் பின்னர் நிரப்பப்படுவதாலும், வெட்டுப்புள்ளி ஆண்டுக்கு ஆண்டு மாறலாம்; பழைய எண்ணைப் பார்த்து அழுவது வீண். நானே வெற்றிடம் நிரப்பியபோது உள்ளே வந்தவள். அம்மா அதற்குள் நேர்த்தி வைத்து முடித்திருந்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
பிள்ளை, அந்த வெளிநாட்டு நேர்முகத் தேர்வில் "ஏன் மருத்துவம்?" என்று கேட்டால் "சேவை செய்ய" என்று பாடமாக்கி ஒப்புவிக்காதீர். அப்பம்மாவின் நீரிழிவுப் புண்ணுக்கு மருந்து கட்டிய அனுபவம் இருந்தால், துணியை எடுக்கும்போது அவர் முகம் சுளித்ததையும் நீர் செய்ததையும் அப்படியே சொல்லும். மின்சாரம் நின்றாலும் இணைப்பு அறாதபடி கைத்தொலைபேசியில் தரவு போட்டு வையும்.

கொக்குவில் மாணவி:
நன்றி சேர். அப்பம்மாவுக்குத் தினமும் இன்சுலின் போடுவது நான்தான். அதைச் சொல்லலாம் என்று தோன்றவேயில்லை.