பாலைவனத்தில் பழைய சுரங்கம் வரை ஓட்டம்: 10 கி.மீ.க்கு ஒரு பாட்டில் தண்ணீர் போதுமா?

கடலோரக்கால்:

எல்லோருக்கும் வணக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கிறேன், மூன்று வருடமாகத் தார்ரோட்டில்தான் ஓட்டம், இரண்டு அரை மாரத்தான் முடித்திருக்கிறேன், கல்லும் மண்ணுமான பாதையில் ஓடியதே இல்லை. நவம்பரில் ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போகிறோம். அங்கே லாஸ்ட் ஹார்ஸ் மைன் என்று ஒரு பழைய தங்கச் சுரங்கம் இருக்கிறதாமே, போன வழியே திரும்பினால் 6.4 கி.மீ., மலையைச் சுற்றிக்கொண்டு வந்தால் சுமார் 10.5 கி.மீ. காலையில் பிள்ளைகள் எழுவதற்குள் சுற்றுப்பாதையை ஓடி முடித்துவிடலாம் என்று ஆசை. 10 கி.மீ. எனக்குப் பெரிய தூரம் இல்லை, ஊரில் 600 மி.லி. பாட்டிலோடு ஓடிவிடுவேன். அது போதுமா? ரோட்டில் ஓடும் ஷூ சரிப்படுமா? சுரங்கத்துக்குள் எட்டிப் பார்க்க முடியுமா?

வேலிமுள்:

போதாது. நான் அதே கணக்கோடுதான் முதல் தடவை போனேன், அதனால் சொல்கிறேன்.

நான் சென்னையில் ஓடிப் பழகியவன். அங்கே இரண்டாவது கிலோமீட்டரிலேயே பனியனைப் பிழியலாம், வியர்க்கிறது என்று உடம்பே சொல்லிவிடும். இங்கே காற்றில் ஈரமே இல்லை, வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது, சட்டை கடைசி வரை மொடமொடவென்று இருக்கும். வியர்க்கவே இல்லை, தண்ணீர் எதற்கு என்று நான் பாட்டுக்கு ஓடினேன். சுரங்கத்தைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கும்போதுதான் உதடு பல்லில் ஒட்டியது, முகத்தைத் துடைத்தால் கை முழுக்க நறநறவென்று உப்பு. பாட்டிலில் இரண்டு மடக்கு மீதம், கார் நாலு கிலோமீட்டருக்கு மேல். அதுவும் ஒரு மார்ச் மாதம், வெயில் என்று சொல்லக்கூட முடியாது.

நீங்கள் இரண்டு லிட்டரை முதுகுப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், காரில் ஆளுக்கு நாலு லிட்டராவது இருக்கட்டும். பாதையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, பூங்காவின் ஓரங்களில் நாலைந்து இடங்களில் மட்டும்தான் குழாய். வெறும் தண்ணீராகவே குடித்துத் தள்ளினாலும் ரத்தத்தில் உப்புக் குறைந்து தலை சுற்றும், அதனால் ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, திரும்பும் இடத்தைக் கைக்கடிகாரம் காட்டும் கிலோமீட்டரை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் பாதியாகிவிட்டதா, எங்கே நின்றாலும் திரும்பிவிடுங்கள், சுரங்கம் கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி.

முதல் முறை என்றால் போன வழியே திரும்புவதுதான் என் யோசனை. சுரங்கம் வரை இருப்பது அந்தக் காலத்து வண்டிப்பாதை, அகலமானது, மொத்தமே 140 மீட்டர் போல ஏற்றம், வழி தவற வாய்ப்பு குறைவு. பின்பக்கம் அப்படியில்லை, ஒற்றையடிப் பாதை, சரிவில் உருளுகிற சல்லி. கணுக்கால் பிசகினால் அங்கே போன் சிக்னலும் கிடையாது.

சுக்குக்காப்பி:

வேலிமுள் அண்ணா ரொம்பத்தான் பயமுறுத்துகிறார் :) நவம்பர் காலை குளிராகத்தான் இருக்கும், மெல்லிய காற்றுச்சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் சுற்றுப்பாதைதான் அழகு, பின்பக்கம் ஒரு வீட்டின் கல் புகைபோக்கி மட்டும் தனியாக நிற்கும், வீட்டைக் காணோம். ஆப்டிமிஸ்ட் மைன் என்று இன்னொரு சுரங்கத்தின் மிச்சமும் அங்கேதான். நம்பிக்கைவாதி என்று பெயர் வைத்தவருக்கு என்ன கிடைத்ததோ.

ஷூ விஷயத்தில் மட்டும் அண்ணா சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். ரோட்டு ஷூவின் வலைத்துணி வழியாக மணல் உள்ளே போகும், அடிப்பாகம் மெத்தென்று இருப்பதால் முள்ளும் ஏறும். அங்கே சோயா என்று ஒரு கள்ளி (சோயாபீன்ஸ் இல்லை!), அதன் கணுக்கள் கழன்று பாதையில் கிடக்கும், லேசாக உரசினாலே ஒட்டிக்கொள்ளும். எனக்குக் கெண்டைக்காலில் ஒன்று ஒட்டியது, அவசரத்தில் கையால் பிடுங்கினேன், காலில் ஏறிய முள்ளில் பாதி அப்படியே இருக்க, மீதி மூன்று விரலிலும் ஏறிவிட்டது. ஒவ்வொரு முள்ளிலும் தூண்டில் மாதிரி எதிர்ச்செதில், வெளியே இழுத்தால் தோலும் கூடவே எழும்பும். பல் அகலமான சீப்பு ஒன்று பையில் இருக்கட்டும், கணுவுக்கு அடியில் கொடுத்து ஒரே நெம்பு, அப்புறம் மிச்சத்தை இடுக்கியால் எடுக்கலாம்.

தங்கவயல் பேரன்:

சுரங்கத்துக்குள் எட்டிப் பார்க்கலாமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கூடாது. என் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர், அந்த வீட்டுப் பிள்ளையாகச் சொல்கிறேன். நம் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்குவதற்கு முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள் இல்லையா, அணைந்தால் உள்ளே காற்றுக் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். கைவிட்ட சுரங்கமும் அப்படித்தான், உள்ளே போனவருக்கு மூச்சு முட்டுகிறது என்று தெரிவதற்குள் கால் மடங்கிவிடும். மரத்தூண்கள் நூறு வருடத்துக்கு மேல் உளுத்தவை, இருட்டில் தரை எங்கே முடிந்து குழி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. லாஸ்ட் ஹார்ஸின் செங்குத்துக் குழி 150 மீட்டர் ஆழம். வெளியே நிற்கும் ஆலையைச் சுற்றிக் கம்பிவேலி இருக்கிறது, அங்கிருந்தே பார்க்கலாம், உண்மையில் பார்க்க வேண்டியதும் அந்த ஆலைதான்.

பத்து இரும்பு உலக்கைகள் வரிசையாக இருக்கும். நெல் குத்துகிற மாதிரி அவை பாறையைக் குத்திப் பொடியாக்கும், அந்தச் சேற்றைப் பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மேல் ஓடவிட்டால் தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சூடாக்கிப் பிரிப்பார்கள். இதற்குத் தண்ணீர் வேண்டுமே? ஐந்தரை கிலோமீட்டருக்கு அப்பால், ரயன் என்பவரின் பண்ணைக் கிணற்றிலிருந்து குழாய் போட்டு நீராவி இயந்திரத்தால் ஏற்றினார்கள். அந்த இயந்திரத்துக்கு விறகாகப் போனவை சுற்றுமலை மரங்கள், அந்தச் சரிவுகள் இன்னும் மொட்டையாகத்தான் தெரிகின்றன. 1894 முதல் 1931 வரை 10,000 அவுன்சுக்கு மேல் தங்கம் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் இரண்டு லிட்டரைச் சுமக்க யோசிக்கிறீர்கள்!

கடலோரக்கால்:

சரி, 600 மி.லி. திட்டத்தைக் கைவிட்டாயிற்று. சீப்பும் எடுத்துக்கொள்கிறேன். சிக்னல் இல்லை என்றால் வீட்டுக்காரிக்கு எப்படித் தகவல் சொல்வது? அவர் காரில் பிள்ளைகளோடு காத்திருப்பார்.

வேலிமுள்:

வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்கு மேல் வராவிட்டால் ரேஞ்சரை (பூங்காக் காவலர்) தேட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அப்புறம் மனம் மாறி வேறு பாதையில் போகாதீர்கள்.

அந்தச் சுரங்கத்தைத் தொடங்கிய ஜானி லாங் கதை தெரியுமா? ராத்திரி ஷிஃப்டில் கிடைத்த தங்கத்தில் பாதியை ஒதுக்கிவிட்டார் என்று பிடிபட்டு, தன் பங்கைக் கூட்டாளியான ரயனிடமே விற்றுவிட்டு வெளியேறியவர். பிறகு கிழவராகத் திரும்பி வந்து அந்தப் பக்கமே தனியாகக் குடியிருந்தார். 1925 குளிர்காலத்தில், சாப்பாட்டுச் சாமான் வாங்கப் போகிறேன், சீக்கிரம் வந்துவிடுவேன் என்று கதவில் சீட்டு மாட்டிவிட்டு நடந்தே கிளம்பினாராம். இரண்டு மாதம் கழித்து உடலைத்தான் கண்டார்கள். சீட்டு எழுதினார், படிக்கத்தான் ஆள் இல்லை. நீங்கள் ஆள் கையில் கொடுங்கள்.

கடலோரக்கால்:

போய் வந்துவிட்டேன், நன்றி எல்லோருக்கும். காலை ஏழு மணிக்குக் கிளம்பினேன், கை விறைக்கிற குளிர். ஏற்றத்தில் பாதியை நடந்துதான் கடந்தேன், ரோட்டில் ஓடும் வேகமெல்லாம் அங்கே செல்லாது. ஆலைக்கு எதிரே நின்று உலக்கைகளை எண்ணினேன், பத்து சரிதான். சுற்றுப்பாதைப் பக்கம் இருபது அடி போய்ப் பார்த்தேன், சல்லி சறுக்கியது, திரும்பிவிட்டேன். சுக்குக்காப்பி மன்னிக்கவும், புகைபோக்கி அடுத்த தடவை. முதுகுப்பையில் முக்கால் லிட்டர் மீதம் இருந்தது, சட்டை காய்ந்தேதான் இருந்தது, ஆனால் கறுப்புத் தொப்பியின் விளிம்பில் கோலமாவு கொட்டியது போல வெள்ளை வளையம்.

கள்ளிமுள் எனக்கு ஒட்டவில்லை. கார் நிறுத்திய இடத்தில் விளையாடிய சின்னவன் ஷூவில் ஒன்று ஒட்டிவிட்டது, சீப்பு அங்கேதான் உதவியது. என் சீப்பு இல்லை, வீட்டுக்காரியின் சீப்பு. அதில் இரண்டு பல் போய்விட்டது, இன்னும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.