நிரலைத் திறந்துவிட்டுப் பெயரைப் பூட்டுவது நியாயமா?

பொதிகட்டி:
2006-ல டெபியன்ங்கற லினக்ஸ் விநியோகத்துல இருந்த ஃபயர்பாக்ஸ் உலாவி, ஐஸ்வீசல்னு பெயர் மாறுச்சு. லோகோ கட்டற்ற உரிமத்துல இல்லைன்னு டெபியன் அதை எடுத்துட்டுப் பெயரை மட்டும் வச்சிருந்தது. பெயர் வேணும்னா லோகோவும் இருக்கணும், போடற பேட்சுக்கு, அதாவது நிரல் திருத்தத்துக்கு, ஒப்புதலும் வாங்கணும்னு ஃபயர்பாக்ஸை உருவாக்கற மொசில்லா நின்னுச்சு. நிரலை மாத்திக்கோன்னு சொல்லிட்டு, மாத்தினதும் பெயரைப் பிடுங்கினா அது என்ன சுதந்திரம்?

வழக்குரை:
ரெண்டு சட்டத்தைப் போட்டுக் குழப்பறீங்க. உரிமம் தர்றது பதிப்புரிமை. பெயர், வணிகச்சின்னம். அப்பாச்சி 2.0-ங்கற கட்டற்ற உரிமத்துல 6-ஆம் பிரிவைப் பாருங்க, வணிகச்சின்ன உரிமை தரலைன்னு நேராவே எழுதியிருக்கு. எது கட்டற்ற மென்பொருள்னு சொல்ற டெபியனோட சொந்த வழிகாட்டியில விதி 4-உம் மாத்தின நிரலுக்கு வேற பெயர் கேக்கலாம்னு ஒத்துக்குது. வேவு நிரலைச் செருகி ஃபயர்பாக்ஸ்னே கொடுக்கறவனை எதை வச்சுத் தடுப்பீங்க? மூல நிரலையும் சேர்த்து வெளியிட்டுட்டா உரிமத்தால அவனைத் தொட முடியாது.

பொதிகட்டி:
அவனுக்கு விரிச்ச வலையில பராமரிக்கறவர் மாட்டறாரே! டெபியனோட நிலையான வெளியீடான ஸ்டேபிள்ல மென்பொருள் பதிப்பு உறைஞ்சிருக்கும். பாதுகாப்பு ஓட்டை தெரிஞ்சா, புதுப் பதிப்புல வந்த திருத்தத்தைப் பழைய நிரலுக்கு ஏத்த மாதிரி வெட்டி ஒட்டணும். ஒவ்வொண்ணுக்கும் ஒப்புதலுக்குக் காத்திருந்தா அத்தனை நாளும் ஓட்டை அப்படியே கிடக்கும். டெபியனுக்கு மட்டும் சலுகைன்னாலும் அதே வழிகாட்டியோட விதி 8 இடிக்குது. டெபியன்ல இருந்து எடுத்து வேற விநியோகம் செய்யறவருக்கும் அதே உரிமை போகணும்.

வழக்குரை:
இது சரியான வாதம், ஏத்துக்கறேன். 2016-ல ஃபயர்பாக்ஸ் பெயர் திரும்பினதும் இதனாலதான்: லோகோ சிக்கல் தீர்ந்திருந்தது, டெபியன் பேட்சுகள் தரத்தைக் கெடுக்கலைன்னு மொசில்லாவும் ஒத்துக்கிச்சு.

தொகுப்பான்:
பெயர் மாத்தப் போறவங்க கவனிங்க. நிரலைத் தொகுக்கறப்ப அதிகாரப்பூர்வ பிராண்டிங் விருப்பத்தைப் போடாதீங்க. ஃபயர்பாக்ஸ் மூல நிரல்ல பிரவுசர் அடைவுல பிராண்டிங், அதுக்குள்ள அன்அஃபிஷியல்னு ஒரு அடைவு இருக்கும். அதை நகலெடுத்து, ஐகான்களையும் பெயர்க் கோப்புகளையும் மாத்தி, பில்ட் அமைப்புல அந்தப் பாதையைக் கொடுங்க. மெனுவெல்லாம் பெரும்பாலும் அங்கிருந்துதான் பெயரை எடுக்கும். பலர் மறக்கறது யூசர் ஏஜென்ட், அதாவது உலாவி தன்னை யாருன்னு தளத்துக்குச் சொல்ற வரி. அதுல ஃபயர்பாக்ஸ்ங்கற சொல் இல்லைன்னா, ஆதரிக்காத உலாவின்னு சில தளங்கள் திருப்பி அனுப்பிடும். ஐஸ்வீசல் தன் பெயருக்குப் பக்கத்துல 'லைக் ஃபயர்பாக்ஸ்'னு போட்டுக்கிட்டது இதுக்காகத்தான்.

பொதிகட்டி:
பாருங்க, பெயரை எடுத்தா தளமே திறக்கலை! டெபியனுக்கே பத்து வருஷம் ஆச்சு, சின்ன விநியோகங்களுக்காக யார் பேசுவா? பாதுகாப்புத் திருத்தத்துக்கு முன் ஒப்புதல் வேண்டாம்னு வணிகச்சின்னக் கொள்கையிலயே ஒரு வரி எழுதணும்.

வழக்குரை:
எழுதட்டும். ஆனா மூலத் திட்டமே வெளியிட்ட திருத்தத்தைப் பழைய பதிப்புக்குக் கொண்டுவர்றது மட்டும்னு வரையறுக்கணும். இயல்பு தேடுபொறியை மாத்தறதெல்லாம் அதுல சேரக்கூடாது.